பம்பை இறக்கும் முன்: பிக்கப் வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காய்கறி, பூ, கோழித் தீவனம், செங்கல் என்று எதை ஏற்றினாலும் அந்த வாடகையை நம்பியே வீடு நடத்தும் பிக்கப் ஓட்டுநர்களுக்கும், ஓட்டுநரும் முதலாளியும் ஒரே ஆளாக இருக்கும் சொந்த வண்டிக்காரர்களுக்கும்:

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கிய வண்டிகள் ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுக்கும்போது ஓரமாக நின்று காதைக் கொடுத்தால் ஒரு கச்சேரியே கேட்கும். “ஒடி, ஒடி, இன்னும் நல்லா ஒடி” என்று பின்னால் நிற்பவர் கத்துவார். ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை வளைப்பார். பானெட்டுக்குள்ளிருந்து ஒரு வண்டி “ஙொய்ய்ங்” என்று முனகும். அடுத்தது “கிரீச்” என்று கத்தும். மூன்றாவது “உஸ்ஸ்” என்று மூச்சு விடும். பழைய வண்டி ஒன்று “டொக்” என்று ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் கிளம்பிப் போகும்.

நான்கும் நான்கு சங்கதி. அதில் ஒன்று நோயே இல்லை. ஆனால் வண்டியைப் பட்டறையில் விட்டால் நான்குக்கும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: “பம்பு போச்சுண்ணே.” இந்த மடல் அந்தத் தீர்ப்பின் மீது ஒரு மேல்முறையீடு. சத்தம் பம்பிலிருந்து வரலாம். அதற்காகக் குற்றம் பம்புடையது என்று ஆகிவிடாது.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பவர் ஸ்டியரிங் பம்ப் என்பது எஞ்சின் பெல்ட்டால் சுழலும், கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. உள்ளே ஒரு வட்ட ரோட்டர். அதைச் சுற்றிலும் வெட்டிய காடிகளில் மெல்லிய எஃகுத் தகடுகள், பல பம்புகளில் பத்து, செருகியிருக்கும். இவற்றைச் சூழ்ந்திருக்கும் வளையத்தின் உட்புறம் முழு வட்டமாக இல்லாமல் சற்று நீண்டிருக்கும். ரோட்டர் சுழலும்போது தகடுகள் காடியிலிருந்து வெளியே வந்து வளையத்தின் சுவரை ஒட்டியே ஓடும். சுவர் விலகும் இடத்தில் ஆயிலை அள்ளிக்கொள்ளும், நெருங்கும் இடத்தில் பிழிந்து தள்ளும். ஸ்டியரிங்கை ஃபுல் கட் ஒடிக்கும்போது இந்தச் சின்னப் பெட்டி எழுப்பும் அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் 80, 100 பார் என்பது சர்வ சாதாரணம். ஒரு கார் டயருக்குள் இருப்பது 2 பார் சொச்சம்தான்.

இவ்வளவு வேலை செய்யும் பம்புக்குத் தனியாக மசகு கிடையாது. சக்கரத்தைத் திருப்பத் தள்ளுகிற அதே ஆயில்தான் தகடுகளுக்கு வழுக்கலையும் பேரிங்குக்குக் குளிர்ச்சியையும் கொடுக்கிறது. ஆயில் குறைந்தாலோ, கெட்டாலோ, அதில் காற்று கலந்தாலோ முதலில் அழுவது பம்ப்தான்.

இந்த ஏற்பாடு பிறந்ததே சரக்கு வண்டியின் பாரத்தைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். கனரக வண்டிகளின் ஸ்டியரிங்கைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகில் இருந்து பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்த்தம் நகரில் சொந்தமாக ஆராய்ந்து, 1926-ல் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு கைகோத்தது. பிறகு செலவு கட்டாது என்று 1934-ல் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டியது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குத் தேவைப்பட்டபோது மூட்டை மறுபடி அவிழ்ந்தது. கடைக்குப் போய் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். தமிழ்நாட்டில் 1987-ல் தொடங்கிய ராணே பவர் ஸ்டியரிங் நிறுவனம் அதை இங்கேயே செய்யும் தொழிலாக்கியது. இருந்தாலும் சின்ன சரக்கு வண்டிகளுக்கு அது வந்துசேர நாளானது. 2005-ல் வந்த டாடா ஏஸ் பவர் ஸ்டியரிங் இல்லாமலே ஊர் ஊராக ஓடியது. தோள்பட்டை வலியோடு ஓட்டிய அந்தத் தலைமுறை இன்னும் ஸ்டாண்டுகளில் இருக்கிறது.

இனி சத்தங்களுக்கு வரலாம். எளிதானதை முதலில் பேசி முடித்துவிடலாம்.

“உஸ்ஸ்” என்பதைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் வால்வின் நுண்ணிய இடுக்குகள் வழியே ஆயில் அழுத்தத்தோடு பாயும் சத்தம் அது. வண்டி நிற்கும்போது ஃபுல் கட் ஒடித்தால் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். கடைசி வரை போய் முட்டிய பிறகும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தால் அது உறுமலாக மாறும். ஆயில் போக இடமில்லாமல் ரிலீஃப் வால்வு திறந்து, அதே ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கிறது என்று அதற்குப் பொருள். ஐந்து விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்கக் கூடாது என்பது பல வண்டிக் கையேடுகளில் உள்ள எச்சரிக்கை. முட்டியதும் ஒரு விரல்கடை அளவு பின்னால் விட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும்.

“கிரீச்” பெல்ட்டின் குரல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்தி, சில நிமிடத்தில் அடங்கும். அல்லது ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் கத்தும், ஏனென்றால் அப்போதுதான் பம்பைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். தளர்ந்த பெல்ட்டால் அந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் புல்லியின் மேல் வழுக்கிப் போகிறது. இதைச் சோதிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது ஒரு பாட்டில் மூடியில் துளை போட்டு, ஃபேனுக்குக் கையைக் கொண்டுபோகாமல், பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்க்கலாம். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அப்படியே அடங்கிவிட்டுத் தண்ணீர் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் முகம் கண்ணாடிபோல் மழுங்கிவிட்டது. வாட்டர் சர்வீஸ் முடித்துக் கிளம்பிய வண்டி ஐந்து நிமிடம் கத்தினால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பவர்களும் பவுடர் தூவுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியை விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் அந்த வைத்தியம் உதவும். வைத்திருந்து ஓட்டப் போகிறவர் பெல்ட்டின் மேல் ஆயில் எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்ப்பதே பயன். பம்பின் சீல் லேசாகக் கசிந்து பெல்ட்டை நனைத்துக்கொண்டிருந்தால் எத்தனை பெல்ட் மாற்றினாலும் கிரீச்சல் போகாது.

“டொக்” ஆயிலோடு சம்பந்தம் இல்லாத சத்தம். எங்கோ இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்கின்றன. இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1999 மாடல் முதல் வந்த ஷெவர்லே சில்வராடோ பிக்கப்களில், வண்டியை மெதுவாகத் திருப்பும்போது ஸ்டியரிங் வழியாகக் கைக்கே தெரியும்படி ஒரு தட்டு விழும். ஓட்டுநர்கள் முன்பக்கம் முழுவதையும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் பிரச்சினை ஸ்டியரிங் தூணையும் கீழே இருக்கும் பாக்ஸையும் இணைக்கும் இடைத் தண்டில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் அந்தத் தண்டில் கிரீஸ் வற்றி, நழுவ வேண்டிய இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தத் தண்டுக்குள் கிரீஸ் ஏற்றச் சொன்னது, பின்னர் திருத்தி வடிவமைத்த தண்டையே கொடுத்தது. அத்தனை பெரிய வண்டியின் அத்தனை பெரிய தட்டலுக்குப் பின்னால் ஒரு விரல் கிரீஸ்.

இங்கேயும் “டொக்” கேட்டால் செய்ய வேண்டியது இரண்டு பேர் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, தண்டின் ஜாயிண்டுகள், பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டை ராடு எண்டுகள், பால் ஜாயிண்டுகள் என்று ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆட்டம் இருக்கும் இடத்தில் அந்தத் தட்டு விரலுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பெரிய சங்கதி: “ஙொய்ய்ங்.” எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கி, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஓங்கி, நேராக்கினால் தணியும் முனகல். பம்பைப் பலி வாங்குவது பெரும்பாலும் இந்தச் சத்தம்தான். இதன் காரணங்களை ஒரு மலைப்பாதையில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் விளையும் அன்னாசியும் பலாவும் மிளகும் வாழைத்தாரும் அந்த வழியாகக் கீழே இறங்குகின்றன. ஒருமுறை ஏறி இறங்கினால் 140 திருப்பம். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் கடைசி வரை போய்த் திரும்புகிறது. அதுவும் வேகம் குறைந்து, பம்ப் மெதுவாகச் சுற்றும் நேரத்தில். அழுத்தத்தால் எழும் சூடும், பக்கத்திலேயே தகிக்கும் எஞ்சின் சூடும் சேர்ந்து ஆயிலை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோவது இத்தகைய பாதையில் அதிசயம் இல்லை. சூட்டில் ரப்பர் ஹோஸ் இறுகிக் கட்டையாகிறது. ஹோஸ் இறுகினால் அதை நெரித்துப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்ததற்குச் சமம். ஒரு நாள் மாலை அடிவாரத்தில் இறங்கி நிற்கும்போது வண்டி முனக ஆரம்பிக்கிறது.

ஓட்டுநர் கீழே குனிந்து பார்க்கிறார். தரையில் சொட்டு இல்லை. ஹோஸில் ஈரம் இல்லை. “எங்கேயும் லீக் இல்லையே, அப்போ பம்புதான்” என்று முடிவுக்கு வருகிறார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குவது. ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸில் அழுத்தம் கிடையாது. அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் மேலே ஒரு கீறல் இருந்தால் இளநீர் வெளியே சொட்டுவதில்லை. காற்றுதான் உள்ளே புகுந்து “கொர்ர்” என்கிறது. உறிஞ்சு ஹோஸிலும் அதே கதை. வெளியே கசியாமலே உள்ளே காற்றை இழுக்கும். காற்றுக் குமிழி கலந்த ஆயில் பம்பின் அழுத்தப் பக்கம் போனதும் குமிழிகள் நசுங்கி வெடிக்கின்றன. அந்த ஆயிரம் சின்ன வெடிகளின் கூட்டுச் சத்தம்தான் முனகல். அதை அப்படியே விட்டு மாதக்கணக்கில் ஓட்டினால் வெடிகள் வளையத்தின் சுவரைக் குழி குழியாக அரித்துவிடும். அப்போது பம்ப் உண்மையிலேயே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கண் ஒன்றே போதும். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பட்டும். இன்னொருவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சிவப்பு ஆயில் சிவப்பாகவே, கண்ணாடிபோல் இருந்தால் காற்று இல்லை. ரோஸ்மில்க் நுரைபோல வெளிர்ந்து பொங்கினால் காற்று கலந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம். அடுத்து, உறிஞ்சு ஹோஸின் இரண்டு முனைகளிலும் கிளிப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் அப்பிப் பார்க்கலாம். எந்த முனையில் அப்பியதும் முனகல் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பத்து நிமிடமும் ஒரு கிளிப்பும், மிஞ்சிப்போனால் ஒரு முழ ஹோஸும் கேட்கும் வேலை அது. ஹோஸைப் புதிதாக வாங்கும்போது ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டை வெட்டி மாட்டினால் ஆயில் அதைச் சில வாரங்களில் ஊற வைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

நுரையும் இல்லை, அளவும் சரி, ஆனால் முனகுகிறதா? டப்பாவின் அடியைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் டப்பாவுக்குள் ஒரு சின்ன வலை வடிகட்டி உண்டு. வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலின் கசடு அதில் படிந்தால் பம்புக்கு ஆயில் போதுமான அளவு வராது. அளவுக் கோடு MAX வரை காட்டும், பம்ப் பட்டினி கிடக்கும். வலை அடைத்த டப்பாவைக் கழுவிப் பார்க்கலாம். கழுவியும் தெளியாவிட்டால் டப்பாவை மாற்றுவது பம்பை மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

ஊட்டிப் பக்கம் காய்கறி ஏற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பனிக்கால விடியலில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் முனகிவிட்டு அடங்கினால் அது குளிரில் ஆயில் கெட்டியான சத்தம். நாள் முழுக்கத் தொடர்ந்தால் மட்டுமே மேலே சொன்ன சோதனைகள்.

பம்பே முனகும் சுபாவத்தோடு பிறந்த கதையும் உண்டு. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்களில் 1970-களின் கடைசியிலிருந்து பல ஆண்டுகள் வந்த சி-2 என்ற பம்ப், பிளாஸ்டிக் ஆயில் டப்பாவை முதுகில் சுமந்தபடி முனகிக்கொண்டே இருக்கும். சத்தத்தை வைத்தே ஃபோர்டு வருகிறது என்று சொல்லிவிடலாம் என அங்கே மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அந்தப் பம்புக்கும் ஃபோர்டு பட்டறைகள் செய்த முதல் சிகிச்சை கழற்றி எறிவது அல்ல. ஆயில் டப்பாவின் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகி, கைப்பம்ப்பால் 20 முதல் 25 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கி, ஆயிலில் ஒளிந்திருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் அடுத்த கட்டம். பெயரெடுத்த முனகல்காரருக்கே அந்த நியாயம் கிடைத்தது.

வெற்றிடக் கைப்பம்ப் இல்லாத பட்டறையிலும் ஏர் எடுக்க முடியும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது எந்தச் சத்தத்துக்கும் தகாத விலை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாக, பதினைந்து இருபது முறை திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி எழும், ஆயில் இறங்கும், இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து, ஐடிலில் இன்னும் சில முறை திருப்பலாம். நுரை தென்பட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். குமிழிகள் தாமாக மேலே வந்துவிடும். பல பட்டறைகள் தவறவிடுவது இந்தப் பொறுமையைத்தான். ஸ்டார்ட் செய்து முறுக்கிவிட்டுக் காற்றை ஆயிலோடு அடித்துக் கலக்கிவிடுகிறார்கள். பிறகு புதுப் பம்பும் முனகுகிறது. “டூப்ளிகேட் பம்பு, கம்பெனி சரியில்லை” என்று பழி கடைக்காரர் தலையில் விழுகிறது.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல பிக்கப்களுக்கு ஏடிஎஃப் எனப்படும் சிவப்பு ஆயில், டெக்ஸ்ரான் ரகம். சில வண்டிகளுக்கு வேறு ரகம் சொல்லியிருப்பார்கள். டப்பாவின் மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ எழுதியிருப்பதே சட்டம். நடுவழியில் அளவு குறைந்துவிட்டது என்று கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுவதுபோன்ற தவறு வேறில்லை. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஏடிஎஃபுக்கென்று செய்த சீல்கள் அதில் ஊறி உப்பிக் கிழியும். பம்ப், ஹோஸ், ஸ்டியரிங் பாக்ஸ் என்று மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒழுக ஆரம்பிக்கும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். டப்பா மாறி ஏடிஎஃப் பிரேக் டப்பாவுக்குள் போனால் பிரேக்கின் ரப்பர்கள் கெட்டு, மலை இறக்கத்தில் பெடல் அடியில் போய் நிற்கும். பானெட்டுக்குள் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில், ஸ்டியரிங் டப்பா மூடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துவிடலாம். கிளீனர் பையன்கூடத் தப்பு செய்ய மாட்டான்.

ஆயில் கறுத்துப்போய்க் கருகிய வாசம் அடித்தால் மேலாக ஊற்றி நிரப்புவது போதாது. டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் பழைய ஆயில் பாட்டிலில் வந்து விழும். மேலே புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருவது சிவப்பாகும்வரை இது நடக்கட்டும். டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிக் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கசடு போவது உண்மைதான், சீலின் ஆயுளும் அதோடு போகும்.

அந்தப் பாட்டிலில் விழுந்த பழைய ஆயிலைக் கொட்டிவிடாமல் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளி ஜரிகை உதிர்ந்ததுபோல் மினுமினுப்பு தெரிந்தால், சரி, பம்ப் தேய்ந்திருக்கிறது. இத்தனை நேரம் பம்புக்காக வாதாடிய மடலும் அந்த இடத்தில் வாதத்தை நிறுத்திக்கொள்கிறது. மற்ற அடையாளங்களும் உண்டு. ஆயில் சுத்தம், நுரை இல்லை, பெல்ட் இறுக்கம், ஆனாலும் ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கலாம். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஸ்டியரிங் பாரமாகி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசானால் உள்ளே தேய்மானம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் உடம்பில் வைத்துப் பிடியில் காதை வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப், இன்றும் அது பொய் சொல்வதில்லை. பம்புக்குத் தனி பெல்ட் இருக்கும் வண்டியில் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தாலும் போதும். சத்தம் அப்படியே இருந்தால் அது ஆல்டர்னேட்டரோ வேறு பேரிங்கோ. அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஓட்டும் என்றால், அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

பம்பை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் எப்படி மாற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பல பம்புகளில் புல்லியைத் தண்டில் இறுக்கி ஏற்றியிருப்பார்கள். அதைப் புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும், ஏற்றும்போதும் அதற்கான கருவியால்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி தண்டு வழியாக உள்ளே போய்ப் புதுப் பம்பைப் பழைய பம்பாக்கிவிடும். சீல் கிட் வாங்கிப் பழைய பம்பையே பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக் என்றால், தகடுகளின் உருண்ட விளிம்பு வெளிப்பக்கம், வளையத்தின் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சுவரை இழைப்புளிபோல் சீவும். மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், பெல்ட் போடும் முன்னரே ஆயில் ஊற்றிப் புல்லியைக் கையால் சுற்றி உள்ளே நனைத்துக்கொள்ள வேண்டும். வறண்ட பம்ப் சில விநாடி ஓடினாலே உரசல் விழுந்துவிடும். பழைய கறுப்பு ஆயிலைப் பாக்ஸிலும் ஹோஸிலும் அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பம்பை மட்டும் போட்டால், பழைய பம்பைத் தின்ற அதே இரும்புத் தூள் புதிதையும் தின்னும். ஒரே வண்டிக்கு இரண்டாம் பம்ப், மூன்றாம் பம்ப் என்று மாறுவது பல நேரம் இப்படித்தான்.

மாற்றிய பிறகு எஞ்சின் பக்கமிருந்து இல்லாமல் கேபினுக்குள் “ம்ம்ம்” என்று ரீங்காரம் புதிதாக வந்தால் பயப்பட வேண்டாம். அழுத்த ஹோஸை மாட்டும்போது அது சேஸிஸையோ பாடித் தகட்டையோ தொட்டிருக்கும். ஹோஸை ஒரு விரல் தள்ளிக் கிளாம்ப் போட்டால் நின்றுவிடும்.

ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. அழுத்த ஹோஸிலிருந்து ஆயில் பீய்ச்சினால், அது சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பட்டுத் தீப்பிடிக்கலாம். ஆயில் தீர்ந்தாலும் ஸ்டியரிங் அறுந்து போகாது, தண்டும் பாக்ஸும் இணைந்தேதான் இருக்கும். ஆனால் லோடு வண்டியின் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகக் கனக்கும். சமவெளியில் அது தோள்வலி. கொல்லிமலையின் வளைவு ஒன்றின் நடுவில் அது வேறு விஷயம். அதனால் முனகலோடு பாரமும் சேர்ந்துகொண்டால் அடுத்த நடையை ஒப்புக்கொள்ளாமல் பட்டறைக்கு ஓட்டுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை: “அண்ணே, முதல்ல மூடியைத் தொறந்து நுரை வருதான்னு பாப்போம். அப்புறம் பெல்ட்டு, அப்புறம் ஹோஸ் கிளிப்பு. அதுக்கப்புறம் பம்பைப் பேசலாம்.” நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவருடைய வரிசையும் அதுவாகத்தான் இருக்கும். பம்பை மாற்றினால் பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் வழுவழுவென்று சுற்றினால், அந்தப் பட்டறைக்கு மறுநாள் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

பின்குறிப்பு: 2019-ல் வந்த டாடா இன்ட்ரா போன்ற வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கை இயக்குவது மின்மோட்டார். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பெரும்பாலும் 2011 மாடலிலேயே அந்த வழிக்கு மாறிவிட்டது. அவற்றில் ஸ்டியரிங் ஆயில் டப்பா கிடையாது, அதைத் தேடி பானெட்டைத் துழாவ வேண்டாம். சத்தம் கேட்டால் ஜாயிண்டுகளையும், ஸ்டியரிங் பாரமானால் பேட்டரி முனைகளையும் முதலில் பாருங்கள். பக்கத்து வண்டிக்காரர் நல்ல மனதோடு நீட்டும் ஏடிஎஃப் பாட்டிலை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.